முந்நூறு மூட்டையும் மை பீச்சும் மெஷினும்

பொதுமக்களின் நலன் கருதி, மூட்டைக் குறியீட்டு அலுவலகம் 1978-ஆம் வருசம் புரட்டாசியில ஒரு மெஷின் வாங்கிச்சு. இங்க்-ஜெட்னு பேரு. தகரத்துல எழுத்து வெட்டி, மூட்டை மேல வச்சு, பிரஷ்ஷால மை பூசுறதெல்லாம் காட்டுமிராண்டி வேலையாம். இது மூட்டையைத் தொடாது. மயிரிழை ஓட்டை வழியா மையைச் சொட்டுச் சொட்டாப் பீச்சும். எந்தச் சொட்டு எங்க விழணும்னு கரண்ட் சொல்லும். கல்யாணப் பத்திரிகைய அதுல அடிக்க முடியுமான்னு கேட்டவனும் உண்டு. ஊரே வாயைப் பிளந்துச்சு. அதுல என் வாய்தான் பெரிசு, ஒத்துக்கிடுதேன்.

எங்க மைனி சண்முகத்தாய்க்கு முத்தையாபுரத்துல சின்ன உப்பளம். அண்ணன் போன பெறகு அவுகதான் பாக்காக. வருசம் பூரா வெயில்ல வெந்து வாருன உப்பு முந்நூறு மூட்டை. கல்கத்தா கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்புது, ஐப்பசி மழை தலைக்கு மேல நிக்குது. குறி இல்லாத மூட்டையைக் கப்பல்ல ஏத்த மாட்டாக; ஏத்தலேன்னா அத்தனையும் கரைஞ்சு கடலுக்கே போயிரும். மைனி பழைய தகடே போதும்னாக. நான்தான், ஊர்ல பாதிப்பேர் மெஷினுக்கு எழுதிக் குடுத்தாச்சு, நம்ம மட்டும் தகரத்தைத் தூக்கிட்டு அலையணுமான்னு நச்சரிச்சு மனுப் போட வச்சேன். மனுப் போட்டவர் பழைய முறைக்குத் திரும்ப இயலாதுன்னு பின்பக்கம் அடிச்சிருந்ததை நான் எங்க பாத்தேன்.

திங்கட்கிழமை மூட்டையோட போனோம். அதிகாரி கிருபாநிதி மூணு வாரம் சீமையில இந்த மெஷினைப் படிச்சுட்டு வந்தவர். ஏ.சி. ரூம் வாசல்லயே மறிச்சுட்டார். உப்புத் தூசி ஒண்ணு உள்ள போனாலும் மெஷினுக்கு ஓட்டை அடைச்சுக்கிடுமாம். ஆகவே, உப்பு மூட்டைக்குள் உப்பு இருத்தல் கூடாது.

மைனி, அப்ப வெறுஞ்சாக்கைக் கொண்டாரேன், அடிச்சுக் குடுங்க, பெறகு உப்பை அள்ளிக்கிடுதேன்னாக. நியாயம்தானே. அவர் விதிப் புத்தகத்தை விரிச்சார். நிரப்பி, எடைபோட்டு, வாய் தைத்த மூட்டைக்கே குறியிடப்படும். எதைப் போட்டு நிரப்பணும்னு விதியில இல்ல.

புதன்கிழமை உத்தரவு வந்துச்சு. மூட்டைகளை உப்பு நீக்கி, கழுவி, உலர்த்தி, மெஷினுக்கு ஒவ்வாமை தராத பொருளால் நிரப்பிக் கொண்டுவரவும். ஊருக்கு வெளிய தேரி மணல்மேட்டுல அள்ளி, அலசிக் காயவச்ச மணல்ல ஒரு சிட்டிகை எடுத்து, மோந்து பாத்து, அவரே ஒப்புதல் குடுத்தார். உப்பை வெட்டவெளியில அம்பாரமாக் குவிச்சோம். மேல ஓலை மூடக்கூட ஆள் இல்ல. எல்லாரும் மணல் அலசிக்கிட்டிருந்தோம்.

வியாழக்கிழமை மெஷின் பீச்சிச்சு. 'தூத்துக்குடி உப்பு, முதல் தரம்.' எழுத்து அப்படியே முத்து முத்தா விழுந்துச்சு. கடைசி மூட்டை வெளிய வந்ததும் மைனி தையலைப் பிரிக்கக் கத்தியை எடுத்தாக. கிருபாநிதி பதறிட்டார்.

"தையலைப் பிரிச்சா குறி செல்லாதும்மா. முதல்ல இருந்து மனுப் போடணும்."

"உள்ள மணல்லா கெடக்கு, ஐயா."

"உள்ள என்ன கெடக்குன்னு பாக்கது என் வேலை இல்ல. வெளிய உப்புன்னு தெளிவா இருக்கு."

அன்னைக்குச் சாயந்தரமே மழை பிடிச்சுக்கிட்டு. மைனி ஓலையைத் தூக்கிக்கிட்டு ஓடுறதுக்குள்ள பாதி அம்பாரம் இல்ல. விடியும்போது நனைஞ்ச தரைதான் மிச்சம். மைனி அங்கனயே உக்காந்து அழுதாக. அந்தக் கோணி ஊசியால என் வாயை முதல்ல தைச்சிருக்கணும். குறி விழுந்த மூட்டை முந்நூறும் முறைப்படி கப்பல் ஏறிச்சு.

ஒரு மாசம் கழிச்சுக் கல்கத்தாவுல இருந்து கடிதாசி. கைக்கு விலங்குதான்னு நெனச்சுப் பிரிச்சோம். அச்சு மிகத் தெளிவு. வழியில் கனமழை பெய்தும் ஒரு மூட்டைகூடக் கரையவில்லை. இத்தகைய உயர்ந்த உப்பு இதுவரை வந்ததில்லை. மேலும் ஆயிரம் மூட்டை அனுப்பவும். அங்கயும் யாரும் பிரிச்சுப் பாக்கல. பிரிச்சா குறி செல்லாதே. கிருபாநிதிக்கு உத்தியோக உயர்வு.

இந்த வருசம் எங்க பாத்தியில தண்ணி பாய்ச்சல. பக்கத்து உப்பளத்துக்காரங்களும் பாய்ச்சல. எல்லா வண்டியும் தேரிக்குப் போவுது. முத வண்டி எங்களுது.

"இது மழைக்குக் கரையாதுல்லா, செல்லப்பாண்டி"ங்காக மைனி.

வீட்டுக்கு மட்டும் உப்பைக் கடையில வாங்குதோம். எவ்வளவு அள்ளிப் போட்டாலும் குழம்புல ஏற மாட்டேங்கு, பல்லுல வேற நறநறங்கு. ஆனா அந்தப் பை மேல இருக்க அச்சு இருக்கு பாருங்க, அதுல ஒரு குறை சொல்ல முடியாது.