மூன்றாவது நோட்டீஸ்

அன்றைய நாற்பத்தோராவது படத்தில் அவளுடைய அப்பா வந்தார்.

நேரில் இல்லை, திரையில்தான். ஆஸ்பத்திரி முனை சிக்னலில், சிவப்பு விழுந்து நாற்பது நொடி ஆன பிறகு, வெள்ளைக்கோட்டைத் தாண்டிக்கொண்டு வந்தார். காரின் தலையில் 'எல்' பலகை. கதவில் முழ நீளத்துக்கு 'டிரைவிங் ஸ்கூல்'. அதற்குக் கீழே, போதாக்குறைக்கு, 'விதியை மதிப்போம்' என்று வேறு எழுதியிருந்தது.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த அறையில் ஆறு மேஜைகள். யாருக்கும் பெயர் கிடையாது. மேஜை நம்பர்தான் பெயர். அவள் மூணாம் மேஜை. ஊரிலுள்ள சிக்னல் கேமராக்கள் பிடித்து அனுப்பும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, 'உண்டு', 'இல்லை', 'தெளிவில்லை' என்ற மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். 'உண்டு' என்றால், அழுத்தியவரின் கையெழுத்து அடியில் தானாக அச்சாகி, காரின் சொந்தக்காரருக்குத் தபாலில் நோட்டீஸ் போகும். ஒரே வருஷத்தில் மூன்று போனால் லைசென்ஸ் போச்சு. அந்த ஆள் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் என்றால் ஸ்கூலும் போச்சு.

அப்பாவுக்கு ஏற்கெனவே இரண்டு போயிருந்தது. இரண்டையும் அழுத்தியது அவள்தான்.

அப்பாவை ஊரில் பிரேக் வாத்தியார் என்பார்கள். மஞ்சள் விளக்கைப் பார்த்தாலே நிறுத்திவிடுவார். அவருக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டவர்கள் ஹாரனிலேயே அவரைத் திட்டக் கற்றிருந்தார்கள். முப்பது வருஷத்தில் ஒரு கோட்டை மிதித்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு விடிகாலையில், அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தபோதும் மிதிக்கவில்லை.

பின்சீட்டில் அம்மாவின் தலை அவள் மடியில் இருந்தது. இதே ஆஸ்பத்திரி முனை. சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை.

"போங்கப்பா! யாருமே இல்லப்பா, போங்க!"

"சிவப்பு போட்டிருக்கும்மா."

தொண்ணூறு நொடி. கியரில் கையை வைத்துக்கொண்டு விளக்கையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எண்பதாவது நொடியிலோ என்னவோ, மடியில் இருந்த தலையின் கனம் மாறியது. முன்னாலேயே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒரு வாரம் கழித்து அவள் பெண்கள் விடுதி ஒன்றில் அறை எடுத்துக்கொண்டாள். போன் நம்பரை மாற்றினாள். அப்பா நான்கு முறை விடுதி வாசலில் வந்து நின்றார். நான்கு முறையும் அறையில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லி அனுப்பினாள்.

முதல் படம் வந்த அன்று அவளால் கண்ணை நம்ப முடியவில்லை. 'அன்னைக்கு வராத தைரியம் இன்னைக்கு எங்கிருந்து வந்துச்சு?' என்று நினைத்துக்கொண்டே 'உண்டு' பொத்தானைக் குத்தினாள். பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்க்கும்படி குத்தினாள். பத்து நாள் கழித்து இரண்டாவது வந்தது. அதையும் குத்திவிட்டு, பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இது மூன்றாவது. விரல் நகரவில்லை. அப்பாவுக்கு வீட்டில் பேச ஆள் இல்லை. அந்த ஓட்டை காரும், கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாத நாலு பேரும்தான் துணை. அதையும் தன் விரலாலேயே பிடுங்குவதா?

உறவினர் படம் வந்தால் கையைத் தூக்க வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். படம் பக்கத்து மேஜைக்குப் போகும். பக்கத்தில் இருந்தது நாலாம் மேஜை. கடமையில் புலி. போன மாதம் மேற்பார்வையாளரின் காருக்கே 'உண்டு' போட்டுவிட்டு, கைதட்டலுக்குக் காத்திருந்தவள்.

அவள் கையைத் தூக்கவில்லை. 'தெளிவில்லை'யை அழுத்தினாள். காரணம் கேட்டது கம்ப்யூட்டர். 'நம்பர் பலகையில் சேறு' என்று அடித்தாள். ஊரில் மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஒழிந்தது என்று மூச்சு விட்டாள். நான்கு நாள் சும்மா போயிற்று. ஐந்தாம் நாள் அப்பா மறுபடியும் வந்தார்.

'கேமரா முன்னால் புறா.'

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காலைக்கு 'வெயில் கூச்சம்' என்றும் மாலைக்கு 'பனிமூட்டம்' என்றும் எழுதினாள். அப்படிப்பட்ட பருவநிலை எந்த ஊரிலும் கிடையாது என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

மேற்பார்வையாளரிடமிருந்து அழைப்பு வந்தது. எதையும் மூக்கு உரசுமளவு கிட்ட வைத்துப் படிப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

"என்னம்மா மூணாம் மேஜை, ஆஸ்பத்திரி முனையில மட்டும் சேறு, புறா, பனி எல்லாம் ஒண்ணா சேந்து வருது? அது சிக்னலா, மலை உச்சியா?"

"கேமரா பழசு சார். அதான்."

அவள் தப்பித்துக்கொள்ளச் சொன்ன வார்த்தை அது. அவர் மறுநாளே ஆளை ஏற்றிப் பழைய கேமராவைக் கழற்றிப் புதுசை மாட்டிவிட்டார்.

புதுக் கேமராவில் அப்பாவின் மீசை முடியை எண்ணலாம் போலிருந்தது. மெலிந்திருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தார். சிரித்துக்கொண்டு வேறு இருந்தார். சிக்னலைத் தாண்டும்போது எவனாவது சிரிப்பானா?

'புத்தி பேதலிச்சுப் போச்சோ?' அவள் படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தாள்.

இனிமேல் 'தெளிவில்லை' செல்லாது. 'இல்லை' போட்டு, 'பின்னால் வந்த ஆம்புலன்ஸுக்கு வழி விட்டார்' என்று எழுதினாள். ஐந்து நாளில் ஆறு ஆம்புலன்ஸ்.

மறுபடி அழைப்பு. பூதக்கண்ணாடி படத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா ஆம்புலன்ஸ்?"

"படத்துக்கு வெளிய இருக்கு சார்."

"வெளிய இருக்கறது உனக்கெப்படித் தெரிஞ்சுது?"

"சைரன் சத்தம் சார்."

"போட்டோவுல சத்தம் கேக்குதா உனக்கு?"

வாசலில் நின்ற நாலாம் மேஜை, "காதுக்கு ஒரு டாக்டரைப் பாருடி" என்று உண்மையான அக்கறையோடு சொன்னாள்.

"இதோ பாரு, மூணு வாரமா ஒரே வண்டி" என்றார் பூதக்கண்ணாடி. "நாளைக்குக் காலையில நீயே போய் அந்த முனையில நில்லு. கண்ணால பாத்து ரிப்போர்ட் எழுதிக் குடு. உண்டுன்னா உண்டு. நீ போகலைன்னா நாலாம் மேஜை போவா."

"நான் இப்பவே போறேன் சார்" என்றாள் நாலாம் மேஜை.

"நானே போறேன்" என்று அவள் கத்திவிட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு, கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு கேமராக் கம்பத்தடியில் நின்றாள். இரண்டு வருஷமாக இந்தப் பக்கமே வராதவள். பஸ்ஸில் போனால்கூட ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிச் சுற்றிக்கொண்டு நடப்பாள். இன்றைக்கு அப்பாவை மறித்து, 'போதும், இத்தோட நிறுத்துங்க' என்று சொல்லிவிட வேண்டும். பேசுவதென்றால் அந்த ஒரு வாக்கியம்தான். அதையே விடுதியிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

பத்தேகாலுக்கு 'எல்' பலகை தெரிந்தது.

கார் வந்தது. சிவப்பு விழுந்தது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், நூல் பிடித்தாற்போல நின்றது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓட்டுநர் கதவு திறந்து, கழுத்தில் அளவு நாடாவோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் இறங்கி, நடைபாதைக்கு வந்து நின்றுகொண்டாள். அப்பா இந்தப் பக்கமிருந்து ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டார். வலது பார்த்தார், இடது பார்த்தார், மறுபடி வலது பார்த்தார். சாலை முழுக்கக் காலியாகும் வரை பொறுத்தார். ஹாரன் அடித்தார். பிறகு, நடை பழகும் குழந்தை மாதிரி, சிவப்பு விளக்கை மெல்ல மெல்லத் தாண்டினார்.

நடுவழியில் தலையை வெளியே நீட்டிக் கேமராவை நிமிர்ந்து பார்த்தார். தலைமுடியை ஒரு தடவை தடவிவிட்டுக்கொண்டார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

அவள் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தாள். கம்பம் அவள் கையளவுதான் இருந்தது. ஆனாலும் அப்பா அவளைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் ஓரங்கட்டி, மாணவி வருவதற்காகக் காத்திருந்தார்.

தையல்கார அம்மாள் பக்கத்தில் வந்து அவளுடைய அட்டையை உற்றுப் பார்த்தாள்.

"கேமரா ஆபீஸா நீங்க? நல்லதாப் போச்சு. ஏம்மா, எங்க வாத்தியாருக்கு நோட்டீஸ் அனுப்பறத நிறுத்திட்டீங்க?"

"என்னது?"

"தினம் தபால்காரரை வழி மறிச்சுக் கேக்கறாரு. ஒரு மாசமா நான் கியர் போடவே கத்துக்கல. வர்றோம், இறங்கறேன், அவரு தாண்டறாரு, நான் நடந்து போய் ஏறிக்கறேன். இதுதான் கிளாஸு. மொத தடவ தாண்டினது என்னவோ நான்தான். பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரை அழுத்திட்டேன். அந்த நோட்டீஸ் வந்த நாள்லேர்ந்துதான் மனுஷன் இப்படி ஆயிட்டாரு."

"மூணாவது வந்தா லைசென்ஸ் போயிடும். ஸ்கூலையே மூடிடுவாங்க. அவருக்குத் தெரியாதா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"தெரியாமலா? போர்டைக் கழட்டறதுக்கு ஏணிகூடக் கேட்டு வச்சிருக்காரு."

"அப்புறம் ஏன் தாண்டறாரு?"

பாதசாரிகளுக்குப் பச்சை விழுந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து அப்பா, பார்த்து வரச் சொல்லிக் கையசைத்தார். தையல்கார அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு காலைச் சாலையில் வைத்தபடியே சொன்னாள்:

"நோட்டீஸுக்கு அடியில கையெழுத்துப் போட்டிருக்கறது அவரு பொண்ணாம்மா. ரெண்டு வருஷத்துல அவ போட்ட கடுதாசி அந்த ரெண்டுதானாம். மூணாவது ஏன் வரல, பிள்ளைக்கு ஒடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சான்னு பயந்துபோய்த்தான் தினம் வந்து தாண்டிக்கிட்டிருக்காரு."