ஐஸ் பக்டறியில் நான் இன்னும் வேலையில் இருக்கிறேன்

விடத்தல்தீவு,
12.08.1993

மதிப்புக்குரிய மச்சான் அமிர்தநாயகம் அவர்களுக்கு,

வலன்ரைன் எழுதுவது. நானும் பிரான்சிஸ்காவும் உயிரோடு இருக்கிறோம். ஜெர்மனியில் நீங்களும் என் தங்கை அன்ரோனெற்றும் அதைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

நான்கு வருடத்தில் மூன்று கொம்பனி மாறியதாகவும், ஒவ்வொன்றிலும் கேக் வெட்டி அனுப்பிவைத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். "இங்கை தொழில்தான் எங்கட சொந்தம், முதலாளி சொந்தமில்லை. டீசல் இல்லாத ஐஸ் பக்டறியை ஏன் காவல் காக்கிறியள்?" என்றும் கேட்டிருந்தீர்கள். விளக்கம் தரவேண்டியது என் கடமை.

தொண்ணூறில் முஸ்லிம் சனங்களை இயக்கம் ஊரைவிட்டுப் போகச் சொன்ன அன்று, கலந்தர் முதலாளி ஒரேயொரு பையோடு பக்டறி வாசலுக்கு வந்து, "வலன்ரைன், மெசினைப் பார்த்துக்கொள்ளும், நான் வாறன்" என்றார். எப்போது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே அன்றுமுதல் காலை எட்டு மணிக்குப் போய்க் கையெழுத்து வைத்து, மெசினைத் துடைத்து, ஐந்து மணிக்குத் திரும்புகிறேன். ஒருமுறை காய்ச்சல் வந்து லீவுக் கடிதம் எழுதினேன். அனுமதிக்க ஆளில்லாததால் காய்ச்சலோடேயே போனேன். பிறகு மெசினை யாரோ கழற்றப் போவதாகக் கதை வர, நானே கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிரான்சிஸ்கா பிஸ்டனால் மிளகாய் இடித்துவிட்டாள். கதை பொய்யென்று தெரிந்து திரும்பப் பூட்டியபோது இரண்டு நட்டு மிஞ்சிவிட்டது. அந்தக் கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகொரு நாள், இந்தப் பக்கத்தில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினை மண்ணெண்ணெயில் ஓடவைக்கத் தெரிந்தவன் நான்தான் என்று பெரியமடுவிலிருந்து ஒரு வயல்காரர் தேடி வந்தார்.

"எங்களோடை வந்து நில்லுங்கோ. வீடும் தாறம்."

"நான் வேலையிலை இருக்கிறன் ஐயா."

"என்ன வேலை?"

"ஐஸ் செய்யிற வேலை."

அவர் கொதிக்கும் வெயிலில் நின்று என்னையே பார்த்தார். அவர் போனதும் பிரான்சிஸ்கா, "முதலாளி உங்களை மறந்து எவ்வளவு காலமாச்சு!" என்றாள்.

ஆனாலும் மச்சான், நான் இந்த இடத்தை விட்டு அசைவதாக இல்லை. உங்கள் நான்காவது கொம்பனியையும் மாதா காப்பாராக.

இப்படிக்கு,
வலன்ரைன்,
தலைமை மெக்கானிக் (வேறு மெக்கானிக் இல்லை)

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகையில், புத்தளம் பக்கமிருந்து வந்த கடிதமொன்றைப் பங்குத்தந்தை கொண்டுவந்து தந்தார். கலந்தர் முதலாளி எழுதியது. கற்பிட்டியில் வேறொருவருடைய ஐஸ் பக்டறியில் அவர் கூலிக்கு நிற்கிறாராம். மெசினில் கை வைக்கத் தெரியாமல் தினமும் ஏச்சு வாங்குகிறாராம். "மெக்கானிக் தேடுறாங்கள். உம்மட பேரைக் குடுத்திட்டன். வந்து உமக்குக் கையாளா என்னை வச்சுக்கொள்ளும்" என்று எழுதியிருக்கிறார். பிரான்சிஸ்கா மூட்டை கட்டிவிட்டாள். நாளை காலை ஊரைவிட்டுப் போக இயக்கத்திடம் பாஸ் கேட்கப் போகிறேன். முதலாளியை எப்படி வேலை வாங்குவது என்றுதான் தெரியவில்லை. ஜெர்மனியில் அதற்கு ஏதும் முறை இருந்தால் உடனே எழுதுங்கள்.