தாம்பூலமும் வாங்கினேன், லப்பெட்டும் தின்றேன்

அலோன்,
சித்திரைக் கடைசி, வியாழக்கிழமை

மகா கனம் பொருந்திய மச்சான் அய்யாசாமி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மங்கலத்தைக் கட்டிக்கொண்டு இன்றுவரை எதிர்வார்த்தை பேசாமல் வாழ்ந்துவரும் அப்பாசாமி எழுதிக்கொண்டது. இங்கே நான், மங்கலம், மகள் சுனிதா மூவரும் அம்மன் தயவில் சுகம். அங்கே கியாக்தானில் தங்கள் சுகம், அக்கா சுகம், கடையின் சுகம், ஆற்று நடுவே இருக்கிற புத்தர் பகோடாவுக்கு வந்து போகும் கூட்டத்தின் சுகம் எல்லாம் அறிய ஆவல். கூட்டம் குறைந்தால் தங்கள் கடை படுத்துவிடும் அல்லவா, அதற்காகக் கேட்டேன். போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் மங்கலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். எழுதுவதிலும் ஆபத்து உண்டு, எழுதுவதை வாய்விட்டுப் படிக்கிற குடோன் கிளார்க் பழக்கம் ரிட்டயர் ஆகியும் என்னை விடவில்லை. அவள் க்யிம்யிண்டைங் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து எழுதுகிறேன், பஸ்காரர் கையில் கொடுத்து அனுப்புவேன்.

தங்களால் ஆகவேண்டியது ஒரே ஒரு பொய். ஊ சிவராஜ் தங்களைக் கேட்டால், "அந்த ஒற்றை ரோஜா என்னுடையதுதான்" என்று சொல்லிவிட வேண்டும். எந்த ரோஜா, எதற்கு ரோஜா என்று கேட்பீர்கள். எல்லாம் கோயில் தேர்தலால் வந்த வினை.

நம் கோயிலில் ஆற்றோரக் கட்சி, மேட்டுத்தெருக் கட்சி என்று இரண்டு இருப்பது தங்களுக்குத் தெரியும். தலைவர் தேர்தல் வரும்போதெல்லாம் மேட்டுத்தெருக்காரர்கள் ஒருவரை நிறுத்துவார்கள், நம்மவர்கள் இரண்டு பேரை நிறுத்தி, ஓட்டைப் பிரித்து, தோற்று, பிரசாதப் பொங்கலை முதல் ஆளாக வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வருவோம். இந்த வருஷம் ராம் என்கிற பையன், சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பினவன், "முதல்ல நமக்குள்ளயே ஒரு ஓட்டு வைப்போம், ஜெயிக்கிறவர் ஒருத்தரை மட்டும் நிறுத்துவோம், அமெரிக்காவுல அப்படித்தான் செய்றாங்க" என்றான். அவன் ஓட்டு என்று சொன்ன சத்தத்தில் இரண்டு பேர் எழுந்து போய் சன்னலைச் சாத்தினார்கள். பர்மாவில் அந்த வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை. கூட்டம் போட்டால் அக்கம்பக்கத்தில் கேள்வி வரும் என்று பஜனை என்று சொல்லிவிட்டோம். அதனால் வேட்பாளர் பேசி முடித்ததும் எல்லோரும் ஒரு பாட்டுப் பாட வேண்டியதாயிற்று. கோயில் கூரை ஒழுகுவதைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினோம், முருகனைப் பற்றி அரை மணி நேரம் பாடினோம்.

வேட்பாளர் இரண்டு பேர். முதலாமவர் அழகப்பன். அவர் தமிழ் பேசினால் கோயில் மணி அடிக்கிற மாதிரி இருக்கும், நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை புரியாது, புரியாததால் மறுத்துப் பேசவும் ஆள் இல்லை. தலைவரானால் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துவேன் என்கிறார். அவருடைய பேரப்பிள்ளைகள் அவரைத் தாத்தா என்று கூப்பிடுவதில்லை, 'போபோ' என்று பர்மியில்தான் கூப்பிடுகிறார்கள், அது வேறு சங்கதி. அடுத்தவர் ஊ சிவராஜ், திரு என்பதற்குப் பதில் பர்மியில் 'ஊ' போட்டுக்கொள்கிறவர். அவருக்குக் கும்பாபிஷேகம் என்று சேர்ந்தாற்போலச் சொல்ல வராது, ஆனால் கூரைக்குத் தகரம் எங்கே மலிவு, யாரிடம் போய் எந்தக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. யார் எதைக் கேட்டாலும் "கௌன்டே, கௌன்டே" என்பார், நல்லது நல்லது என்று. எல்லாவற்றுக்கும் மேலே தெருவுக்கே ஜெனரேட்டர் அவருடையது. கரண்டு போனால் வீட்டுக்கு ஒரு பல்பு, ஒரு காற்றாடி அவர் போடுகிற பிச்சை.

தகுதியைப் பார்த்து ஓட்டுப் போட வேண்டும் என்று ராம் சொன்னான். நானும் பார்த்தேன் மச்சான், ராத்தூக்கம் கெட்டுப் பார்த்தேன். அழகப்பனின் தகுதி, அவர் மகன் பாலசந்தர். நம் சுனிதாவுக்கு அந்த இடம் ஏறக்குறைய முடிவான மாதிரி. பையன் தங்கம், சுனிதாவுக்கும் பிடித்திருக்கிறது, அவள் வாயால் சொல்லவில்லை, அவன் பேரைச் சொன்னால் மட்டும் வேகமாகப் பாத்திரம் கழுவுகிறாள். சிவராஜின் தகுதி, மேலே சொன்ன பல்பு. தங்கள் தங்கைக்குக் காற்றாடி இல்லாவிட்டால் தூக்கம் வராது, அவள் தூங்காவிட்டால் நான் எங்கே தூங்குவது?

போன வாரம் அழகப்பன் வீட்டுக்கு வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டி, "சம்பந்தி, இதை வாங்கிக்கிட்டா எனக்குத்தான்னு அர்த்தம். எம்பக்கம் விழலைன்னா கல்யாணப் பேச்சை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கை தானாக நீண்டுவிட்டது. மறுநாள் சிவராஜின் சம்சாரம் டோ ராணி கூப்பிட்டு அனுப்பினாள். போனால் லப்பெட் தட்டு காத்திருக்கிறது. ஊறின தேயிலை, வறுத்த பூண்டு, எள்ளு, கடலை, பக்கத்தில் பச்சைத் தேநீர். நானும் பழக்கதோஷத்தில் மூன்று கரண்டி தின்றுவிட்டேன். அப்புறம்தான் டோ ராணி சிரித்துக்கொண்டே, "லப்பெட் சாப்பிட்டாச்சு, பேச்சு முடிஞ்சாச்சு" என்கிறாள். பர்மாக்காரர் வீட்டில் வழக்குத் தீர்ந்தாலும் லப்பெட், சம்மதம் சொன்னாலும் லப்பெட் என்பது நாலு தலைமுறையாக இங்கே இருக்கிற எனக்கு முதல் கரண்டியிலேயே ஞாபகம் வந்திருக்க வேண்டாமா? வாங்கின வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்கலாம், தின்ற லப்பெட்டை என்ன செய்வது?

ஓட்டுச் சீட்டு வைத்தால் எழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்க்கிற வழக்கத்தையே ஓட்டாக்கினார்கள். சிவப்பு ரோஜா அழகப்பனுக்கு, வெள்ளை ரோஜா சிவராஜுக்கு. வேட்பாளர் இரண்டு பேர் வீட்டைத் தவிர, வீட்டுக்கு ஒரு பூவை வாழையிலையில் பொட்டலம் கட்டி அண்டாவுக்குள் போட வேண்டியது. மார்க்கெட்டில் பூக்கார அப்ஸானா, "என்னா அண்ணே, உங்க தெரு ஆளுங்க எல்லாரும் சிவப்பொண்ணு வெள்ளையொண்ணுன்னு சோடி சோடியா வாங்குறாங்க" என்றாள். வேவு பார்ப்பவர்களை ஏமாற்றத்தான் வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் வாக்குத் தவறாதவன் என்பது தங்களுக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று, ஆகவே இரண்டு பூவையும் ஒரே இலையில் வைத்துக் கட்டிவிட்டேன். தாங்கள் ஊர் மாறிப் போயும் சந்தா கட்டுவதால் தங்கள் பேரிலும் ஒரு பொட்டலம் உண்டு, அதிலும் இரண்டு வைத்தேன். தாங்கள் யாரிடமும் எதையும் வாங்கித் தின்னவில்லைதான், ஆனாலும் என் மச்சான் ஆயிற்றே. இரண்டு பொட்டலத்தையும் சுனிதா கையில் கொடுத்துவிட்டு நான் ஜால்ரா போடப் போய்விட்டேன்.

கோயிலில் சுனிதா தலையில் ஒரு வெள்ளை ரோஜா வைத்துக்கொண்டு நின்றாள். சிவராஜ் அதைப் பார்த்து என்னிடம், "கௌன்டே" என்று கண்ணைச் சிமிட்டினார். அழகப்பனும் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஜால்ராவை இன்னும் பலமாகத் தட்டினேன்.

ராம் பொட்டலங்களைப் பிரித்தான். முதல் பொட்டலத்தில் சிவப்பொன்று வெள்ளையொன்று. யாரோ தெரியாமல் செய்துவிட்டார்கள், செல்லாது என்றான். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. தெருவே வெற்றிலையும் வாங்கியிருக்கிறது, லப்பெட்டும் தின்றிருக்கிறது, அத்தனை பேரும் என்னைப் போலவே சத்தியவான்கள். ராம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாமல் எல்லோரும் அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியாக அண்டாவின் அடியில் கிடந்த பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே ஒற்றைச் சிவப்பு ரோஜா. அழகப்பன் ஒரே ஒரு பூவில் ஜெயித்துவிட்டார்.

அது என் பூதான் என்று அவரே முடிவுகட்டி, உடனே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "சம்பந்தி, ஊர் பூரா துரோகி, நீங்க ஒருத்தர்தான் மனுசன்" என்று அழுதார். நான் என்ன செய்வேன்? நானும் அழுதேன். வைகாசியிலேயே கல்யாணம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். வெளியே வந்தால் செருப்பு விடுகிற இடத்தில் சிவராஜ் லோஞ்சியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "அந்த ஒத்தப் பூ யாரு போட்டது, கோ அப்பாசாமி?" என்றார், சிரிக்காமல். நம் வீட்டுப் பல்பு கண்ணெதிரே வந்து நின்றது. "கியாக்தான் மச்சான் போடச் சொன்னது, மீற முடியலை" என்று சொல்லிவிட்டேன். கியாக்தானுக்கு அவருடைய ஒயர் எட்டாது என்கிற தைரியம்தான். நிஜத்தில் அதைப் போட்ட புண்ணியவான் யாரென்று இதுவரை தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவர் குலம் வாழ்க.

ஆகையால் மேற்படி பொய்யைத் தவறாமல் சொல்லவும். கோயில் அரசியல் பக்கம் இனி நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன். அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் கடையில் ஈ ஆடாமல் ஆள் ஆடட்டும், மழைக்கு முன்னால் தங்கள் கூரையாவது ஒழுகாமல் இருக்கட்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
வாக்குத் தவறாத
அப்பாசாமி

பின்குறிப்பு: சாயங்காலம் கரண்டு போய், சிவராஜின் பல்பு வெளிச்சத்தில் உறையை ஒட்டப்போன நேரத்தில் சுனிதா தேத்தண்ணியோடு வந்து நின்றாள். நான் எழுதினதையெல்லாம் அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாள். "அப்பா, அந்தப் பொட்டலம் நம்மளோடதுதான். வெள்ளையை நாந்தான் எடுத்துத் தலையில வச்சிக்கிட்டேன்" என்றாள். ஏண்டி என்றேன். "நீங்க ரெண்டு பேருக்கும் தலையாட்டுவீங்க. நான் ரெண்டு பேரைக் கட்டிக்க முடியுமா?" என்கிறாள். ஊரில் அத்தனை பெரிய மனுஷரும் இரண்டு பூப் போட்ட இடத்தில் ஒரு பூப் போட்டது என் மகள் ஒருத்திதான் மச்சான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. ஆகவே அந்தப் பொய் முன்னைவிட இப்போதுதான் அவசியம். இந்த ரகசியம் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று அவளிடம் கண்டித்துச் சொன்னேன். "மத்தியானம் டோ ராணி கேட்டாங்க, சொல்லிட்டேனே" என்றாள். ஆகவே அந்தப் பொய் இனித் தேவையில்லை, மறந்துவிடவும். இந்த இடத்திலிருந்து எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். பல்பு அணைந்துவிட்டது. சன்னல் வழியே பார்க்கிறேன், தெருவில் மற்ற எல்லா வீட்டிலும் எரிகிறது.