கேட்டுக்கும் ஒரு டிக்கெட்

இந்தப் பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போவதில்லை என்று சென்னப்பன் முடிவெடுத்தபோது பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை. அதனால் முடிவை உரக்கச் சொல்ல முடியவில்லை. வாய் காலியாக இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். ருக்மணி பக்கத்திலேயே துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஓசூரில் டேங்க் செய்கிற ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. பெயிண்ட் அடிக்கும் முன்னால் இரும்பு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிற இன்ஸ்பெக்டர். வெள்ளைத் துணியை எடுத்து இரும்பின்மேல் ஒரு இழுப்பு. துணியில் எள்ளளவு அழுக்கு ஒட்டினாலும் ரிஜெக்ட். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிஜெக்ட். வெல்டிங் வைக்கிற விளிம்பில் கண்ணுக்கே தெரியாத துரு இருந்தால் ரிஜெக்ட். கண்ணுக்குத் தெரியாதது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். கம்பெனியில் இருநூறு பேர் அவரைப் பார்த்து நடுங்கினார்கள். வீட்டில் இருந்தது ஒருத்தி. அவள் நடுங்கவில்லை.

சாமல்பட்டி என்ற பேரைக் கேட்டாலே அவருக்கு முழங்கை வலிக்கும். மாமனார் பெருமாளுக்கு மாப்பிள்ளை மேல் கொள்ளைப் பிரியம். மாப்பிள்ளை வருகிறார் என்று தெரிந்ததும் ஊரிலுள்ள துருப்பிடித்த சாமான்களை எல்லாம் களத்தில் வரிசையாக அடுக்கிவிடுவார். போன பொங்கலுக்கு ஒரு கலப்பை, இரண்டு வண்டிப் பட்டை, கிணற்று ராட்டினம், யாரோ ஒருவருடைய பீரோ. மாட்டுப் பொங்கலன்று ஆறு மாடு, பன்னிரண்டு கொம்பு. "கம்பெனி மொறப்படி தேச்சுட்டு அடிச்சீங்கன்னா அடுத்த வருசம் வரைக்கும் உரியாது மாப்ள" என்றார். பதினோராவது கொம்பின் சொந்தக்காரன் உப்புத்தாளைப் பார்த்ததும் முட்டினான். நாலு நாள் லீவு முடிந்து, கம்பெனிக்குப் போய்த்தான் சென்னப்பன் இளைப்பாறினார்.

இந்த வருஷமும் அதே நாலு நாள். இந்த நாலு நாளாவது தன்னுடையதாக இருக்க வேண்டும். மல்லாந்து படுக்க வேண்டும். ரேடியோ கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு ரத்தினவேலுடன் சீட்டாட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இதற்குமேல் ஆசைப்படுகிற துணிச்சல் அவருக்கு இல்லை.

திட்டம் தெருக் கேட்டில் இருந்தது. குடியிருந்தது கௌஸ் பாஷாவின் வீடு. ஒற்றைக் கதவுக் கேட்டு. கீழே தகடு, மேலே கம்பி. பெயிண்ட் லேசாக உரிந்திருந்தது. சுரண்டிப் புதுசாக அடித்துத் தருகிறேன் என்று அவர் போய்ச் சொன்னதும் பாஷா தாடியைத் தடவினார். செய்யலாமாம். ஆனால் துரு ஒரு பொட்டு தெரிந்தாலும் புதுக் கேட்டு சென்னப்பன் செலவாம், வீட்டையும் காலி பண்ண வேண்டுமாம். கம்பெனிகள் வந்தபிறகு ஓசூரில் வாடகை வீடு கிடைப்பது லாட்டரி விழுகிற மாதிரி. இருந்தாலும் சென்னப்பன் தலையாட்டினார். இரும்பு விஷயத்தில் அவரை யாரால் அசைக்க முடியும்?

பொங்கலன்று காலை ருக்மணி பானையில் கண்ணாக இருந்த நேரம் பார்த்து, கேட்டைக் கீலிலிருந்து தூக்கி இரண்டு கல்லின்மேல் கிடத்தினார். கம்பி பிரஷ், உப்புத்தாள், கடைசியில் தின்னர் நனைத்த துணி. ஒன்பது மணிக்குக் கேட்டு வெள்ளித் தட்டாக மின்னியது. ருக்மணி பிள்ளைகள் இரண்டுக்கும் புதுத்துணி உடுத்தி, பையும் கையுமாக வெளியே வந்தாள்.

"என்னங்க, இன்னும் கௌம்பலயா?"

சென்னப்பன் சாவு வீட்டு முகம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். அதை மாட்டிக்கொண்டார்.

"எப்படிக் கௌம்பறது ருக்கு? இரும்பு அம்மணமாக் கெடக்குது."

பிறகு விளக்கினார். சுரண்டிய இரும்புக்கு ஆறு மணி நேரத்துக்குள், அதாவது மூன்று மணிக்குள், அடிப்பூச்சாகச் சிவப்பு பிரைமர் அடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஓசூர்ப் பனிக்குத் துரு பூத்துவிடும். பிரைமர் ஒருநாள் காய வேண்டும். பிறகு இன்னொரு கோட். அதற்கப்புறம் பச்சை. பச்சைக்கு மேல் பச்சை. எப்படிக் கூட்டினாலும் சரியாக நாலு நாள் வந்தது.

ருக்மணி கேட்டைச் சுற்றி வந்தாள். கை பட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். விரல் ரேகை அப்படியே துருவாக எழும்பும் என்றார். எண்ணெய் தடவி வைத்தால்? பெயிண்ட் ஒட்டவே ஒட்டாது என்றார். அப்படியென்றால் பிரைமரை விட்டால் வேறு வழியே கிடையாதா?

"கெடயாது."

"அப்ப நீங்க இருங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

இவ்வளவுதான். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை, ஒன்பது வருஷக் கணக்கு எதையும் புரட்டவில்லை. அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போனாள், ஒயர் கூடையோடு வந்தாள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சென்னப்பன் மல்லாந்து படுத்தார். கூரையில் ஒரு பல்லி இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தார்.

பத்தேகாலுக்கு எழுந்து பிரஷ்ஷை உதறிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். பிரைமர் டப்பாவைக் காணவில்லை. டப்பா இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. அதன் பக்கத்தில் எட்டணா அகலத்துக்கு ஒரு சிவப்புச் சொட்டு. வாசற்படியில் இன்னொன்று. தெருவில் மூன்றாவது.

இன்ஸ்பெக்டர் மூளை விழித்துக்கொண்டது. குனிந்து, மூக்கு தரையில் படாத குறையாகச் சொட்டுகளைத் தொடர்ந்தார். வாசலுக்கு வாசல் கோலம். அதே தெருவில் இருந்த சாந்தம்மா தன் கோலத்துக்குக் காவிக் கரை இழுத்துக்கொண்டிருந்தாள். கன்னடத்துக்காரி.

"ஏன் சார், ரங்கோலிக்கும் இன்ஸ்பெக்சனா? என்து பாஸா, பெயிலா?"

அவர் நிமிராமலே நகர்ந்தார். சொட்டுகள் கோலங்களைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, கிருஷ்ணகிரி பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றுவிட்டன. சென்னப்பன் நிமிர்ந்தார். எல்லாம் விளங்கிவிட்டது. அப்பன் வீட்டுக் கலப்பைக்கு ஆகுமென்று டப்பாவைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். மூடி சரியில்லை; ஒழுகியிருக்கிறது.

பெயிண்ட் கடைகள் பொங்கலுக்கு மூடிக் கிடந்தன. ஒரு கடைக்காரரின் வீட்டுக் கதவையே போய்த் தட்டினார். அவர் எள்ளும் வெல்லமும் கலந்து ஒரு கைப்பிடி கொடுத்து, கடை நாளை மறுநாள்தான் என்று கன்னடத்தில் மங்களகரமாகச் சொல்லி அனுப்பினார். திரும்பி வந்தால் ரத்தினவேல் கேட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். திருநெல்வேலிக்காரன். கம்பெனியில் கிரைண்டர் பிடிக்கிறவன். அந்த வாரம் மட்டும் மூன்று தடவை அவரிடம் ரிஜெக்ட் வாங்கியிருந்தான். கையில் ஒரு வெள்ளைத் துணி வைத்திருந்தான்.

"மூணு மணிக்கு வந்து ஒரு இழுப்பு இழுத்துப் பாக்கலாம்னு இருக்கேன் அண்ணாச்சி. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

சென்னப்பன் கணக்குப் போட்டார். பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்தால் மூன்றுக்குள் சாமல்பட்டி. அங்கேயே நடு ரோட்டில் நின்று பிரைமரை அடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம். நாலு நாளில் மூன்று நாள் மிஞ்சும். புது வேட்டியை அவிழ்த்துக் கேட்டுக்குச் சுற்றினார். பழைய கைலியைத் தான் கட்டிக்கொண்டார்.

கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். 'டங்' என்றது.

"என்னாங்க இது?"

"கேட்டு."

"மேல போடுங்க."

மேலே போட முடியாது, காற்றில் ஈரம் இருக்கிறது, யார் கையும் படக்கூடாது என்று சென்னப்பன் சொன்னார். கண்டக்டர் அவரை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்படியானால் ஆளுக்கு ஒரு டிக்கெட், கேட்டுக்கு ஒரு டிக்கெட் என்றார். ஜன்னலோர சீட்டில் கேட்டு உட்கார்ந்தது. பண்டிகைக் கூட்டத்தில் சென்னப்பன் கிருஷ்ணகிரி வரைக்கும் நின்றுகொண்டே போனார். சூளகிரியில் ஒரு கிழவர், வேட்டி விலகின இடத்தில் கையை வைத்து, கேட்டின் மேல் சாய்ந்து தூங்கினார். ஊத்தங்கரை பஸ்ஸில் ஒரு குழந்தை கரும்புக் கையால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது. "தொடாதீங்க, தொடாதீங்க" என்று சொல்லிச் சொல்லி அவர் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற பெண், இவர் மடியான சாமி சிலை ஏதோ கொண்டுபோகிறார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாமல்பட்டியில் இறங்கியபோது இரண்டு நாற்பது. கேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். களத்தில் துருப்பிடித்த சாமான்கள் வழக்கம்போல வரிசையாகக் காத்திருந்தன. மாமனார் எழுந்து வந்தார்.

"வாங்க மாப்ள. எல போட்டு வச்சிருக்குது. மூணு மணிக்குள்ள வந்துருவாருன்னு ருக்கு அப்பவே சொல்லுச்சு."

அந்த வார்த்தை சென்னப்பனின் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. கேட்டை இறக்கி வேட்டியைப் பிரித்தார். அங்கங்கே பழுப்பாகப் புள்ளி விழ ஆரம்பித்திருந்தது. தூங்கின கிழவரின் ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன.

"ருக்கு, டப்பாவ எடு. இன்னும் பத்து நிமிசந்தான்."

ருக்மணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எந்த டப்பாங்க?"

"பிரைமர் டப்பா. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் ஒழுகியிருக்குதே, நான் பாக்கலன்னு நெனச்சியா?"

"ஓ, அதுவா. கொட்டாங்குச்சில கொஞ்சம் ஊத்திக் கூடைக்குள்ள வச்சுக்கிட்டு வழியெல்லாம் சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே வந்தனுங்க. சின்னவதான் கூடையப் புடிச்சுக்கிட்டா."

சென்னப்பன் கேட்டின் மேலேயே உட்கார்ந்தார். எல்லா விரலும் பட்ட இடத்தில் இனி எது பட்டால் என்ன. திரும்பிப் போக எப்போது பஸ் என்று ஈனஸ்வரத்தில் கேட்டார். இன்றைக்கு ஓடின பஸ்ஸோடு சரி, இனிமேல் மாட்டுப் பொங்கல் கழிந்துதான் என்று மாமனார் மகிழ்ச்சியோடு சொன்னார். பாஷா வீட்டம்மாவிடமும் ருக்கு சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாளாம். எவ்வளவு துரு ஏறினாலும் தன் வீட்டுக்காரரே திரும்ப ஒருமுறை தேய்த்துக் கொடுத்துவிடுவார் என்று.

"அப்ப டப்பா எங்கடி?"

"நம்ம வீட்லதாங்க. சமயக்கட்டுல, அரிசி டிரம்முக்குப் பக்கத்துல, கண்ணுக்கு எதுத்தாப்புலயே வச்சிருக்கேன். ஒம்பது வருசமா அந்தப் பக்கம் நீங்க ஒரு எட்டு வந்ததில்லையே, அதான் மறச்சு வைக்கல."