பஞ்சநதத்தை நிறுத்தி வைத்தல்

மதிவாணனுக்குத் திருச்சிக்கு மாறுதல் உத்தரவு வந்த மூன்றாம் நாள், அவர் மேஜைமேல் லஸ்கர் பஞ்சநதம் விருப்ப ஓய்வு கேட்டு ஒரு கடுதாசியை வைத்தார்.

மதிவாணன் அந்தப் பாசனப் பிரிவின் உதவிப் பொறியாளர். மன்னார்குடிக்குத் தெற்கே நாற்பத்தோரு மதகுகள் அவர் பொறுப்பு. அவற்றைத் திறந்து மூட ஒன்பது லஸ்கர்கள் வேண்டும் என்று அரசாங்கமே காகிதத்தில் எழுதி வைத்திருந்தது. இருந்தது பஞ்சநதம் மட்டும்தான். மற்ற எட்டுப் பேரில் சிலர் ஓய்வு பெற்றார்கள், சிலர் செத்துப்போனார்கள். யார் இடத்துக்கும் ஆள் போடவில்லை. தினக்கூலிக்கு ராஜ்குமார் என்று ஒருவர் வந்துபோனார்.

"என்னண்ணே இது?"

"முட்டி போயிடுச்சு சார். ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் கரையில நடக்குறேன். ஐம்பத்தேழு வயசாச்சு. இனிமே ஆவாது."

மதிவாணன் செயற்பொறியாளர் ரகுராமனுக்குப் போன் செய்தார்.

"அத மேல அனுப்பாதீங்க" என்றார் ரகுராமன். "இன்னும் பன்னெண்டு நாள்ல வாய்க்கால்ல தண்ணி வந்துடும். லஸ்கரும் இல்ல, இன்ஜினியரும் இல்லன்னா பிரிவ யாருகிட்ட குடுக்குறது? பேசி வாபஸ் வாங்க வைங்க. வாங்குன அன்னைக்கே உங்கள விடுவிக்கிறேன்."

திருச்சியில் மனைவி வானதி, மகளை வைத்துக்கொண்டு மூன்று வருடமாகத் தனியாகக் கிடந்தாள். மகளுக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை அப்பா.

"ஒரு கடுதாசிதானே" என்றாள் வானதி. "பேசித் தீத்துட்டு வாங்க."

முட்டிக்கு வழி வண்டிதான் என்று மதிவாணனுக்குத் தோன்றியது. அலுவலகத்துக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த மொபெட்டைச் சரிசெய்து பஞ்சநதத்திடம் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் பஞ்சநதம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ரிப்பேரா?"

"இல்ல சார். எனக்கு ஓட்டத் தெரியாது."

"நேத்தே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலியே. நடக்குறது பத்தாதுன்னு இப்ப இதையும் தள்ள வேண்டியிருக்கு."

அன்றிலிருந்து மதிவாணன் ஓட்டினார், பஞ்சநதம் பின்னால் உட்கார்ந்து வந்தார். மதகில் இறங்கினால், "முட்டி சார்" என்று பஞ்சநதம் கரையிலேயே நின்றுவிடுவார். கிரீஸ் வைத்து, திருகி, பலகை ஏறி இறங்குகிறதா என்று மதிவாணன்தான் பார்த்தார். நான்காம் நாள் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது.

"புதுசா வர்றவருக்கு நாப்பத்தோரு மதகையும் காட்ட எட்டு மாசம் ஆவுது சார்" என்றார் பஞ்சநதம், பின்சீட்டில் இருந்து. "பழகுனதும் மூட்டையக் கட்டிடுறாங்க."

"அதுக்கு நான் என்னண்ணே பண்றது?"

"உங்களச் சொல்லல. லெப்ட்ல திருப்புங்க."

நாற்றங்கால் வரப்பில் நின்ற ஒரு பெண், மதிவாணனின் கிரீஸ் கையைப் பார்த்துப் பஞ்சநதத்திடம் கேட்டாள். "புது லஸ்கரா?"

"ஆமாம்மா. பழகிக்கிட்டிருக்காரு."

முட்டிக்கு மருந்து இல்லை, மனதுக்காவது பார்க்கலாம் என்று மதிவாணன் நினைத்தார். தஞ்சாவூரில் அரசுப் பணியாளர்களுக்கு ஒருநாள் ஊக்கப் பயிற்சி நடந்தது. பஞ்சநதத்தை அனுப்பினார். துணைக்கு ராஜ்குமாரையும் அனுப்பினார். இருவரும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு திரும்பினார்கள்.

"என்ன சொன்னாங்க?"

"சந்தோஷம் இல்லாத வேலையில ஒரு நாளும் இருக்கக் கூடாதுன்னாங்க" என்றார் பஞ்சநதம். "நான் ஏற்கனவே கடுதாசி குடுத்துட்டேன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க."

மதிவாணன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ராஜ்குமார் தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் ஒரு தெளிவு வந்துடுச்சு சார். மச்சான் ஒரத்தநாட்டுல டைல்ஸ் வேல எடுத்துருக்கான். நாளையிலேருந்து நான் வரல."

தண்ணீர் வர ஐந்து நாள் இருந்தது. மதிவாணன் கடைசியாக ஒன்று செய்தார். பஞ்சநதத்துக்குப் பாராட்டுச் சான்றிதழ் கேட்டு ரகுராமனுக்கு நீளமாக எழுதினார். முப்பது வருட உழைப்பு, கடைமடை வரை தண்ணீர், எல்லாம் எழுதினார். மறுநாள் ரகுராமனே போன் செய்தார்.

"சான்றிதழ் குடுத்துடலாம். ஆனா விவசாயிங்க உங்களப் பத்தித்தான் சொல்றாங்க. மதகு மதகா நீங்களே எறங்குறீங்களாமே?"

"அது வந்து சார், அவருக்கு முட்டி..."

"இப்படி ஒரு ஆள இந்த நேரத்துல எப்படி விடுறது? மேல பேசிட்டேன். திருச்சிக்கு வேற ஆளப் போட்டாச்சு. சம்பா அறுப்பு முடியட்டும், பாக்கலாம்."

மதிவாணன் வானதியைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் குக்கர் இரண்டு முறை விசில் அடித்தது.

"சரி" என்றாள். "ஞாயித்துக்கிழமையாவது வருவீங்களா, அதுவும் இல்லியா?"

"தண்ணி வருது வானதி."

அவள் வைத்துவிட்டாள்.

வாசலில் நின்றிருந்த பஞ்சநதம் உள்ளே வந்தார்.

"போவலியா சார்?"

"இல்லண்ணே. உத்தரவு ரத்து."

பஞ்சநதம் தலையை ஆட்டினார்.

"அப்ப அந்தக் கடுதாசிய எடுங்க சார். வாபஸ் வாங்கிக்கிறேன். நீங்களே இருக்கீங்க, நான் போனா நல்லாருக்காது. முட்டியும் இப்பக் கொஞ்சம் தேவல."

மதிவாணன் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. பஞ்சநதம் அதை நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். வேகமாகத்தான் நடந்தார்.

பல வருடமாக அந்த அலுவலகத்தைப் பெருக்கிவந்த அம்சம், மேஜைக்கு அடியில் துடைப்பத்தை விட்டாள். மதிவாணன் காலைத் தூக்கிக்கொண்டு அவளிடம் கேட்டார்.

"வாபஸ் வாங்குனவரு அதக் கிழிச்சுப் போட வேண்டியதுதானே. எதுக்குப் பத்திரமா எடுத்துக்கிட்டுப் போறாரு?"

அம்சம் நிமிரவில்லை.

"கிழிப்பாரா சார்? மாறுதல் வந்த நாலு இன்ஜினியர நிறுத்தி வெச்ச கடுதாசி அது. தேதிய மட்டுந்தான் மாத்துவாரு."