பீரோவுக்குள் அளந்த காற்று

படிக்காதவன் தவறு செய்தால் தவறு மட்டும்தான் இருக்கும். படித்தவன் செய்தால் அதோடு அட்டவணையும் சேர்ந்துவிடும். நான் செய்த தவறில் மூன்று அட்டவணைகள், ஒரு வண்ண வரைபடம், இருபது நிமிட உரை எல்லாம் இருந்தன. கைதட்டல் மட்டும் கிடைக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எம்.எஸ்சி. முடித்த சூட்டோடு, அடுப்புப் புகை பெண்களின் நுரையீரலை என்ன பாடுபடுத்துகிறது என்று ஆராயும் ஒரு திட்டத்தில் கள உதவியாளனாகச் சேர்ந்தேன். மூன்று மாதம் தற்காலிகம்; ஒழுங்காக வேலை பார்த்தால் நீட்டிப்பார்கள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய முதல் ஆள் நான்தான். (தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. குளிக்கும்போது கழற்றியதாக ஞாபகம்.)

மன்னார்குடிக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரமாக ஒரு தெரு; அதில் பன்னிரண்டு வீடுகள். என்னிடம் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு குட்டி மோட்டார் 'உர்ர்ர்' என்று காற்றை இழுத்து, வட்டமான ஒரு வெள்ளைத் தாள் வழியே விடும். அடுப்பருகே ஒரு நாள் முழுக்க அதைத் தொங்கவிட்டு, மறுநாள் காலையில் தாளை எடுத்து, எவ்வளவு கரி படிந்திருக்கிறது என்று தஞ்சாவூரில் எடை போட வேண்டும். புகை அதிகமுள்ள வீட்டுப் பெண்களை மூச்சுப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பெட்டி ஒன்றே ஒன்றுதான் என்பதால் நாளுக்கு ஒரு வீடு.

முதல் வீடு ராஜாத்தி அக்காவுடையது. நாற்பது வயது இருக்கும். அந்தத் தெருவில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவருடைய பேச்சில் அவருடைய இருமல் மட்டும்தான் குறுக்கிடும். வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தது, விருந்தாளி வந்தால் டீ போட மட்டும். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் விறகில்தான். ஐப்பசி மழையில் நனைந்த கருவேல விறகு வேறு. உள்ளே போனால் அக்காவின் குரல் தெரியும், அக்கா தெரிய மாட்டார்.

"அக்கா, இது வெளிநாட்டு மெஷின். ரொம்பப் பத்திரம். கீழ போட்டுடாதீங்க, தண்ணி பட்டுடாம பத்திரமாப் பாத்துக்குங்க. இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் வேலையே போயிடும்க்கா."

'பத்திரம்' என்ற சொல்லை அன்று ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்பேன். இது எதை அளக்கிறது, ஏன் அளக்கிறது என்று ஒரு தடவை சொன்னேனா என்பது சந்தேகம்தான்.

"நீங்க கவலையேபடாதீங்க தம்பி. எம் புள்ளையாட்டம் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா.

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் பெட்டி மாட்டிய ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, துடைத்து வைத்த மாதிரிப் பளபளவென்று. பன்னிரண்டு நாளும், பன்னிரண்டு வீட்டிலும் அதே பளபளப்பு. உள்ளே இருந்த தாளோ புது வேட்டி மாதிரி வெள்ளை. பெட்டியைத் திறந்தால் ஒரு வாசனை வேறு வந்தது. எங்கேயோ பழகிய வாசனை. கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரத்தில் வீட்டுக்குள் வீசுமே, அது.

தினமும் அந்தச் சமையல்கட்டுகளில் கண்ணீர் வடிய நின்றவன் நான். புத்தி உள்ளவனாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். எனக்கோ தத்துவம் உதித்துவிட்டது! வாய்க்கால் மேல் வரும் ஈரக்காற்று ஓட்டு இடுக்கு வழியாகப் புகையை அப்படியே வழித்துக்கொண்டு போய்விடுகிறது. கண் எரிந்தால் என்ன, அறிவியல் என்றால் அளவுதானே? பன்னிரண்டு பெயர்களுக்கும் எதிரே 'மேல் பரிசோதனை தேவையில்லை' என்று என் கையாலேயே எழுதினேன். ராஜாத்தி அக்காவின் பெயருக்கு எதிரே கூடுதலாக, 'இருமலுக்கு வேறு காரணம் இருக்கலாம்' என்று வேறு சேர்த்தேன். அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

தஞ்சாவூரில் ஆய்வுக் கூட்டம். திட்டத்தின் தலைவரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். சத்தம் போடவே மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நான் வாய்க்கால் காற்றைப் பற்றி இருபது நிமிடம் முழங்கினேன். மேடம் மூன்று தடவை கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஒரு தாளை எடுத்து முகர்ந்தார். வடிகட்டித் தாளை முகர்ந்து பார்த்த விஞ்ஞானியை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இது என்ன வாசனை?"

"அது... அந்த ஊர் வாசனை மேடம்."

"சரி, வண்டிய எடுக்கச் சொல்லுங்க. அந்த ஊரையே பாத்துட்டு வந்துடுவோம்."

ராஜாத்தி அக்கா மதியச் சமையலில் இருந்தார். மேடம் உள்ளே கால் வைத்ததும் இருமினார். அக்கா பதிலுக்கு இருமினார். நான் அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

பெரிய அதிகாரி ஒருவரோடு நான் முகம் வெளிறி நிற்பதைப் பார்த்ததும், பெட்டிக்கு ஏதோ ஆகிவிட்டது, அதனால் என் வேலைக்கு ஆபத்து என்று அக்கா முடிவுகட்டிவிட்டார். கரண்டியோடு முன்னால் வந்தார்.

"அம்மா, அந்த மெஷின்ல ஒரு கீறல் விழுந்திருந்தா என்னையக் கேளுங்க. இந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. பன்னெண்டு வீட்டுலயும் கண்ணாட்டம் வச்சிருந்தோம். வாங்க, காட்டுறேன்."

கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பீரோவைத் திறந்தார். கல்யாணப் பட்டுப்புடவைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவில், டப்பா அளவுக்கு ஓர் இடம். சுற்றிலும் வெள்ளை வெள்ளையாக அந்துருண்டைகள். நான் சொன்ன அந்த 'ஊர் வாசனை' குப்பென்று வந்து முகத்தில் மோதியது.

"தம்பி அந்தாண்ட போனதும் எடுத்து இங்க வச்சிருவேன். காலையில அவுங்க வர்றதுக்கு முன்னாடி தொடச்சு ஆணியில மாட்டிருவேன். எல்லா வீட்டுக்கும் நான்தான் சொல்லி வச்சேன்" என்றார் பெருமையாக.

"ஏங்க அடுப்புகிட்டயே வைக்கல?" என்று கேட்டார் மேடம்.

"நல்லாக் கேட்டீங்க! அந்தப் பொகையில இருந்தா மெஷின் கெட்டுப்போயிடாதுங்களா? கரி அடைச்சுக்கும்ல?"

"அந்தப் பொகையிலதானே நீங்க இருக்கீங்க?"

அக்கா சிரித்தார். "எனக்கு என்னங்கம்மா, பழகிப்போச்சு" என்றவர், அதற்கு மேல் பேச முடியாமல் பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

நான் அழுதேன். புகையால் என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் கூடத்தில் அவ்வளவு புகை இல்லை.

திரும்பி வரும்போது வண்டியில் மேடம் மன்னார்குடி தாண்டும் வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் மனதுக்குள் நடவு வேலைக்குத் திரும்பிப் பாதி வயலை நட்டு முடித்திருந்தேன். திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பன்னெண்டு பேரு உங்க வேலையப் பீரோவுல வச்சுப் பூட்டியிருக்காங்க. அதப் பறிக்க நான் யாரு? முதல்லேருந்து பண்ணுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் வாழ்க்கை நிற்கிறது. அவருக்கு எத்தனை தடவை நன்றி சொன்னாலும் எனக்கு மீதி இருக்கும்.

மறுபடி போனேன். இந்த முறை, "அக்கா, தாள் கறுத்தாத்தான் என் வேலை நெலைக்கும்" என்று சொல்லித் தொலைத்தேன். (பட்டும் திருந்தாத ஜென்மம்.) இரண்டாவது வீட்டில் முறத்தால் புகையைப் பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள், 'பாவம் தம்பி' என்று. கடைசியில் ஒவ்வொரு சமையல்கட்டிலும் நானே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாளே எனக்கும் இருமல். என்ன அளக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ராஜாத்தி அக்கா வீட்டுத் தாள் அடுப்புக்கரி நிறத்தில் வந்தது. ஊதிப் பார்க்கும் கருவியில் அவரால் பாதி மூச்சுக்கூட ஊத முடியவில்லை. ஆஸ்பத்திரியில், நுரையீரல் புகையால் பழுதாகியிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள். வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர் மருந்து கொடுத்தார்கள். சமையல் கேஸுக்கு மாறியது. ஒரு மாதம் கழித்தும் இருமல் குறையவில்லையே என்று போய்ப் பார்த்தேன்.

"மருந்து எங்கக்கா?"

"பத்திரமா பீரோவுல இருக்கு தம்பி. பிரிக்கவே இல்ல."

என் கல்யாணத்துக்கு அந்தப் பன்னிரண்டு வீடும் சேர்ந்து சீர் கொண்டு வந்தது. வேறென்ன, பீரோதான். உள்ளே மறக்காமல் அந்துருண்டையும் போட்டிருந்தார்கள். இன்றும் எங்கள் வீட்டில் சாவி, கண்ணாடி, எது காணாமல் போனாலும் என் மனைவி, "பீரோவுல பாருங்க, காத்து அளந்துகிட்டு இருக்கும்" என்பாள். இப்போது நான் பயிற்சி கொடுக்கும் புதிய பிள்ளைகளுக்கு முதல் நாள் பாடம் ஒன்றுதான்: மெஷின் போனால் போகட்டும், முதலில் அந்த அம்மாவின் மூச்சைக் கேளுங்கள்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை பிடித்ததும் அக்காவிடமிருந்து போன் வரும். நலம் விசாரிக்கக்கூட விட மாட்டார்.

"தம்பி, மருந்து எங்க இருக்குன்னு கேளுங்க."

"எங்கக்கா இருக்கு?"

"இடுப்புல!" என்பார், நடுவில் ஓர் இருமல்கூட இல்லாமல்.