குடும்பத்தை விட்டுப் போகாத இஞ்சின்

"இது இந்த வண்டியோட இஞ்சினே இல்லைங்கறேன்!"

"யாருகிட்ட வந்து என்ன பேசறீங்க? ஒம்பது வருஷமா இந்த இஞ்சினை என் கையால தொடைச்சுட்டு இருக்கேன்!"

"தொடைச்சீங்க சரி. நம்பரைப் பாத்தீங்களா?"

லாயிட் பானெட்டை இன்னொரு தடவை துடைக்க ஆரம்பித்தார்.

அவர் வீட்டு வாசலில், முன்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்ற அட்டையைச் செருகிக்கொண்டு, 1970ஆம் வருஷத்து ஆரஞ்சு நிற பிளிமத் பாரகூடா கார் நின்றிருந்தது. அதன் வயிற்றுக்கு அடியிலிருந்து பளபளவென்று பாலிஷ் போட்ட ஒரு ஜோடி கறுப்புக் காலணிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பேசியது அந்தக் காலணிகளுக்குச் சொந்தக்காரர்.

பழைய கார் வாங்க வருகிறவர்களை எங்கள் தெரு நிறையப் பார்த்திருக்கிறது. வண்டியைச் சுற்றி வருவார்கள், பெயின்டில் முகம் பார்ப்பார்கள், "கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்க" என்று கேட்டுவிட்டு, அந்த உறுமலில் கண்மூடி நிற்பார்கள். இந்த மனிதர் அதில் ஒன்றையும் செய்யவில்லை. கோட்டும் டையுமாகத் தெருமுனையிலிருந்து நடந்தே வந்தார். எங்கள் ஊரில் தபால்பெட்டி வரைக்குமே காரில் போகிறவர்கள் உண்டு. வந்தவர் கையில் ஒரு டார்ச். வந்ததும் நேராக மார்ச் மாதச் சேற்றில் மல்லாந்து படுத்து, இஞ்சினின் வலது பக்கத்து அடிப்பாகத்தை ஒரு காசால் சுரண்ட ஆரம்பித்துவிட்டார்.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா?" என்று லாயிட் குனிந்து கேட்டார்.

"வேண்டாம். பயமா இருக்கும்."

அந்தப் பதில் லாயிட்டுக்கு அப்போது வித்தியாசமாகப் படவில்லை.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து வண்டிகளில், காரின் நம்பரையே இஞ்சினிலும் தொழிற்சாலையில் பொறித்து அனுப்புவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் அது ராஜ வண்டி. ஒத்துப்போகாவிட்டால் என்னதான் தேய்த்து மினுக்கினாலும் ஜாதகம் பொருந்தாத வரன் மாதிரிதான். வருகிறவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒன்பது வருஷத்தில் லாயிட் அந்த நம்பரை ஏன் பார்க்கவில்லை? பார்க்கப் பயம். டாக்டர் கொடுத்த உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பவர்கள் இல்லையா, அந்த ஜாதி. நம்பர் இருக்கும் இடத்தில் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகவே பெயின்ட் பூசி வைத்திருந்தார்.

காலணிகள் வெளியே வந்தன. பின்னாலேயே மனிதரும் வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"யாருகிட்ட வாங்கினீங்க?"

"ஹார்லன்கிட்ட. பாவம், தவறிட்டார்."

"அவருகிட்ட இதே மாதிரி இன்னொரு வண்டி இருந்திருக்குமே?"

"ஆமா. பச்சைக் கலரு. இன்னமும் அவர் சம்சாரம் வில்மா வீட்டுக் கொட்டகையில நிக்குது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊகந்தான். உங்க இஞ்சின் அங்க இருக்கும், போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வந்த மாதிரியே நடந்து தெருமுனையில் திரும்பி மறைந்தார்.

வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் லாயிட்டின் அக்கா டார்லீன். கையில், கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் கட்டை. தம்பியின் பாரகூடா வெதுவெதுப்பான கராஜில் படுத்திருக்க, அவளுடைய சின்ன கார் ஒன்பது குளிர்காலமாகத் தெருவில் உறைந்து கிடந்தது. அந்தக் கட்டையை அவள் கையில் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், கண்ணாடியைச் சுரண்டத்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

"என்னடா லாயிட், விக்காதா?"

"விக்கும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே. வித்துட்டு ஃபுளோரிடா போறேன், படகு வாங்கறேன், பனியையே பாக்க மாட்டேன்னு ஃபிரிட்ஜில படகு விளம்பர ஃபோட்டோ வேற ஒட்டி வெச்சிருக்கே. பாலை எடுக்கப் போனா அந்தப் படகு என்னைப் பாத்துச் சிரிக்குது!"

அவள் சொன்னது நிஜம். லாயிட்டுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். வாஷிங்மெஷின் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணமும் இல்லை. ஓஹையோவின் பனியைத் தள்ளித் தள்ளி ஒரு தோள் இறங்கிப்போயிருந்தது. பாரகூடா விற்றால் படகு வரும். விற்காவிட்டால் மறுபடி பனித் தள்ளுக்கட்டைதான்.

வெள்ளிக்கிழமைதோறும் ஐஸ்கிரீம் கடை வாசலில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை லாயிட் போனபோது, எல்லோரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நின்றார்கள்.

"கேள்விப்பட்டோம் லாயிட். வேற இஞ்சினாமே."

"யாரு சொன்னா?"

"வில்மா சொன்னா, ரொம்ப வருத்தப்பட்டுச் சொன்னா."

வில்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று லாயிட் யோசித்திருக்கலாம். எங்கள் ஊரில் யாருக்கும் எதுவும் எப்படித் தெரிந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. மறுநாளே அவர் வில்மா வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஹார்லன் வண்டி ரொம்ப நாளா சும்மா நிக்குதே. பிரேக்கெல்லாம் ஒட்டிக்கும். சும்மா அடியில பூந்து பாத்துட்டுப் போகட்டுமா?"

"அடடா, உங்களுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு!" என்றாள் வில்மா. உருண்டை முகம், உப்பு மிளகு நிறத்தில் சின்னதாக வெட்டிய முடி, சர்ச்சில் எல்லாக் குழுக்களுக்கும் அவள்தான் தலைவி. "ஆனா வண்டி மேல சர்ச்சு விற்பனைச் சாமானெல்லாம் அடுக்கி வெச்சிருக்கே. முதல்ல சாப்பிடுங்க."

சூரைமீனும் நூடுல்ஸும் கலந்து, மேலே உருளைக்கிழங்கு வறுவலை நொறுக்கிப் போட்டுச் சுட்டெடுத்த பதார்த்தம் வந்தது. அதன்பின் பச்சை நிற ஜெல்லி. அதற்குள் துருவிய கேரட் நீந்திக்கொண்டிருந்தது. லாயிட் இஞ்சினை நினைத்துக்கொண்டு விழுங்கினார்.

"இன்னும் கொஞ்சம்?"

"போதும்."

"வெக்கப்படாதீங்க." அவள் வைத்துவிட்டாள்.

சாமான்களை எடுத்தால்தானே வண்டி? சாமான்களை எடுக்க, சர்ச்சு விற்பனை நடந்தாக வேண்டும். விற்பனை நடக்க, மேசை தூக்க ஆள் வேண்டும். லாயிட் மேசை தூக்கினார். தூக்கும்போது முனகினார். அந்த முனகலைக் கேட்ட பாதிரியார், "அடடா, என்ன கனமான குரல்!" என்று அவரைப் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார். புதன்கிழமை ஒத்திகை, ஞாயிறு பாட்டு, ஒத்திகைக்கு முன்னால் வில்மா வீட்டுச் சாப்பாடு.

பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு லாயிட் பாடியதை எங்கள் தெருவில் பார்க்காதவர்கள் இல்லை. எங்களில் சிலர் அதற்காகவே சர்ச்சுக்குப் போனோம்.

"நீ சர்ச்சுக்குப் போறியா?" என்றாள் டார்லீன். "அம்மா உன்னை ஞானஸ்நானத்துக்கே இழுத்துட்டுத்தான் போனா."

"இஞ்சினுக்காகக்கா."

"இஞ்சின் என்ன, பாட்டா பாடுது?"

ஒருவழியாக ஏப்ரல் கடைசியில் பச்சைப் பாரகூடா வெளிச்சம் பார்த்தது. லாயிட் அடியில் புகுந்தார். மேலே, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டாள் வில்மா. அவர் கையை நீட்டினால் டார்ச் வந்தது. மறுபடி நீட்டினார், கம்பித் தூரிகை வந்தது. இன்னொரு முறை நீட்டினார், கேட்ட அளவு ஸ்பேனர் வந்தது. கேட்ட அளவு என்பதுகூடத் தப்பு, அவர் வாயைத் திறக்கவே இல்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

அழுக்கைத் துடைத்ததும் நம்பர் தெரிந்தது. அவருடைய நம்பர்! ஹார்லன் ஏதோ ஒரு கோடையில் இரண்டு இஞ்சின்களையும் ஒன்றாகக் கழற்றி, பீர் குடித்துக்கொண்டே மாற்றி மாட்டியிருக்கிறார். சந்தோஷத்தில் லாயிட் எழுந்து உட்காரப் பார்த்தார். மேலே இருந்தது கார். "டங்" என்ற சத்தம் எதிர்வீடு வரை கேட்டது.

நெற்றியில் உறையவைத்த பட்டாணிப் பொட்டலத்தை ஒத்திக்கொண்டு, சமையலறையில் உட்கார்ந்து மெதுவாகப் பேச்செடுத்தார்.

"வில்மா, அந்த இஞ்சினை எனக்குக் குடுத்தா, அதுக்குப் பதிலா என்னோடதைத் தந்துடறேன். ரெண்டும் ஒரே மாதிரிதான், உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

வில்மா பெருமூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்தாள். "கேக்கக் கூடாததைக் கேட்டுட்டீங்க. ஹார்லன் போறதுக்கு முன்னால என் கையைப் பிடிச்சுட்டுச் சொன்னாரு, வில்மா, அந்த இஞ்சின் மட்டும் நம்ம குடும்பத்தை விட்டுப் போகக் கூடாதுன்னு."

"அப்படியேவா சொன்னாரு?"

"அப்படியே."

ஹார்லன் மாரடைப்பில், மீன் பிடிக்கிற இடத்தில், தனியாக, தூண்டிலோடு போனவர். இது ஊருக்கே தெரியும். லாயிட்டுக்கும் தெரியும். ஆனால் இஞ்சின் மயக்கத்தில் இருக்கிற மனிதனுக்கு இதெல்லாம் உறைக்காது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். மூன்றாம் நாள் டார்லீனிடம் சொன்னார்.

"குடும்பத்தை விட்டுப் போகக் கூடாதாம்க்கா."

"சரி, அதுக்கு?"

"குடும்பத்துக்குள்ளேயே இருந்தா எடுத்துக்கலாம் இல்லியா?"

டார்லீன் சுரண்டுகட்டையைக் கீழே வைத்தாள். "டேய், நீ காரை விக்கப் போனியா, உன்னை விக்கப் போனியா?"

"கொஞ்ச நாளைக்குத்தானே. மாத்தி மாட்டிட்டு, வித்துட்டு, அவளையும் ஃபுளோரிடாவுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். ஜெல்லிகூட இப்பப் பழகிடுச்சு."

அன்று சாயங்காலமே போய்க் கேட்டார். "வில்மா, நாம ரெண்டு பேரும், அதாவது, அந்த ரெண்டு வண்டி மாதிரி, ஜோடியா..." என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டார்.

"சரி," என்றாள் வில்மா, "செப்டம்பர்ல வெச்சுக்கலாம். பாதிரியார்கிட்ட ஏற்கனவே தேதி கேட்டு வெச்சிருக்கேன்."

செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையே பாடகர் குழுவிலும் நின்று பாடினார். வேறு கனத்த குரல் கிடைக்கவில்லை. வில்மாவின் ஒரே தம்பிக்கு முதுகுப் பிடிப்பு இன்னும் சரியாகவில்லை என்று அவரும் மனைவியும் வரவில்லை. தேனிலவு கொட்டகையில்தான். ஒரு வாரம் இருவரும் கிரீஸ் பூசிய கைகளோடு இரண்டு இஞ்சின்களையும் இறக்கி, மாற்றி ஏற்றினார்கள். ஆரஞ்சுக்கு ஆரஞ்சுடையது, பச்சைக்குப் பச்சையுடையது. இரண்டையும் சேர்த்து ஸ்டார்ட் செய்தபோது, எங்கள் வீட்டு அலமாரியில் கோப்பைகள் நடனமாடின.

லாயிட் 'விற்பனைக்கு' அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். வில்மா அதைப் பார்த்தாள்.

"இவ்வளவு பாடுபட்டு ஜோடி சேத்து வெச்சுட்டு, பிரிக்கவா போறே?"

அவர் ஆரஞ்சைப் பார்த்தார், பச்சையைப் பார்த்தார், கன்னத்தில் கிரீஸ் தீற்றலோடு நின்ற வில்மாவைப் பார்த்தார். அட்டையை மடித்து, ஆடிக்கொண்டிருந்த சமையலறை மேசையின் காலுக்கு அடியில் வைத்தார். மேசை இப்போது ஆடுவதில்லை.

ஃபுளோரிடாவுக்குப் போனது டார்லீன். ஃபிரிட்ஜிலிருந்த ஃபோட்டோவைக் கிழித்து எடுத்துக்கொண்டு, "சும்மா பாத்துட்டு வரேன்" என்று கிளம்பியவள், அந்தப் படகை விற்க விளம்பரம் கொடுத்திருந்த, மனைவியை இழந்த மனிதரையே கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். போகும்போது சுரண்டுகட்டையைத் தம்பிக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனாள். நவம்பரில் முதல் பனி விழுந்தது. லாயிட் இப்போது இரண்டு தோளும் இறங்க, விசிலடித்துக்கொண்டே வில்மா வீட்டு வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

நன்றி கூறும் பண்டிகை விருந்துக்கு வான்கோழி அடுப்பில் இருந்தபோது வாசல்மணி அடித்தது. லாயிட்தான் கதவைத் திறந்தார். முதலில் கண்ணில் பட்டவை, பளபளவென்று பாலிஷ் போட்ட ஒரு ஜோடி கறுப்புக் காலணிகள்.

"நீங்களா!" லாயிட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "விக்கறதா இல்ல, முன்னாலயே சொல்லிடறேன். ஆனா நீங்க பாத்தே ஆகணும். அன்னிக்கு என்ன சொன்னீங்க? வேற இஞ்சினா? வாங்க, இப்ப வந்து பாருங்க!"

"இல்ல, நான் வந்து, வில்மாவோட..."

"வில்மா எங்க போயிடப் போறா, முதல்ல இதைப் பாருங்க!" என்று அவர் கையைப் பிடித்து, பனியில் இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ஆரஞ்சுப் பாரகூடாவின் பக்கத்தில் நிறுத்தினார். "உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க ஒரு தடவை பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி. ம், நீங்களே பாருங்க."

அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு மிகுந்த கவனத்தோடு பின்பக்கம் போய், டிக்கியைத் திறந்து, ஸ்பேர் டயரைத் தூக்கி, அதற்கு அடியில் இஞ்சினைத் தேட ஆரம்பித்தார்.

லாயிட் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால், கையில் பூசணிக்காய்ப் பலகாரமும் கார்ச் சாவியுமாக ஒரு குண்டு அம்மாள் கொட்டகை வாசலில் வந்து நின்று சிரித்தாள்.

"அவரை எதுக்கு இங்க இழுத்துட்டு வந்தீங்க மாப்பிள்ளே? எங்க வீட்டுல கார் ஓட்டறது நான் மட்டுந்தான். நீங்க வித்துட்டு ஃபுளோரிடாவுக்குக் கிளம்பாம நிறுத்தணும்னு, அந்த நம்பர் எந்தப் பக்கம் இருக்குன்னு இவரு மண்டையில ஏத்தறதுக்கே, இவரு அக்கா வில்மாவுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பூராப் போச்சு!"